இரட்டைத் தடத்தைக் கிளைத்தடம் கடக்கும் இடம்: 12 டிகிரியா, 24 டிகிரியா?

முகப்பேர்_மெயில்

வணக்கம். எச்ஓ அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, 16.5 மி.மீ. தடம்) ஒரு மாடல் ரயில் லேஅவுட் வரைந்துகொண்டிருக்கிறேன். பலகை 10 அடிக்கு 4 அடி, மொட்டைமாடி அறை, ஏசி கிடையாது. இரண்டு சுற்றுத் தடங்கள்: உள் வளைவு 505 மி.மீ. ஆரம், வெளி வளைவு 571.5 மி.மீ. ஆரம். வளைவில் நீளமான ஐசிஎஃப் பயணிகள் பெட்டிகள் உரசாமலிருக்க, தட இடைவெளியைச் சுற்று முழுக்க 67 மி.மீ. என்றே வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சின்ன யார்டிலிருந்து ஒரு கிளைத்தடம் கிளம்பி, இரண்டு மெயின் தடங்களையும் டைமண்டில் (தடங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் கிராஸிங்) கடந்து, வெளிப்பக்கம் ஒரு சிறிய ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்.

கேள்விகள் இவை. டைமண்ட் 12 டிகிரியில் எடுப்பதா, 24 டிகிரியிலா? பீகோ நிறுவனத்தின் ஸ்ட்ரீம்லைன் தட வகையில் இரண்டும் கிடைக்கின்றன. ஃபிராக், அதாவது தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் மூலை, பிளாஸ்டிக் போதுமா, உலோக ஃபிராக் வேண்டுமா? ஓட்டுவது சாதாரண டிசி, மூன்று கன்ட்ரோலர்: அப், டவுன், கிளை என்று ஆளுக்கு ஒன்று. இன்ஜின்களில் ஒன்று ஆறு அச்சு டீசல், ஒன்று நான்கே சக்கரம் உள்ள ஷண்டர் (யார்டில் பெட்டிகளை நகர்த்தும் சிறு இன்ஜின்). ஒரு வண்டி கடக்கும்போது இன்னொன்று வந்து பக்கவாட்டில் இடிக்காமல் தடுக்க எளிய வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வில்லிவாக்கம்_ஷண்டர்

கோணத்துக்குப் போகும் முன் ஒன்று. உங்கள் வெளி வளைவின் விட்டம் 1143 மி.மீ. பலகையின் அகலம் 1219. அதாவது வெளித்தடத்தின் நடுக்கோட்டிலிருந்து பலகை விளிம்புக்கு 38 மி.மீ.தான் மிச்சம். கிளைத்தடம் வெளியே வந்து நிற்க அங்கே இடமே இல்லை. அந்தப் பக்கம் பலகையை நீட்டித்தே ஆக வேண்டும். எவ்வளவு என்பதைக் கோணம்தான் தீர்மானிக்கும்.

கணக்கு எளிது. இரண்டு இணைத்தடங்களை ஒரு கோணத்தில் கடந்தால், டைமண்ட் மையத்திலிருந்து அடுத்த டைமண்ட் மையம் வரை உள்ள தூரம் = தட இடைவெளி ÷ சைன் கோணம். சைன் 24° 0.4067, சைன் 12° 0.2079. உங்கள் 67 மி.மீ.க்கு, 24 டிகிரியில் மையங்கள் 165 மி.மீ. தள்ளி வரும், 12 டிகிரியில் 322 மி.மீ.

24 டிகிரி கிராஸிங் துண்டின் நீளம் ஏறக்குறைய 127 மி.மீ. ஆகவே இரண்டுக்கும் நடுவில் 38 மி.மீ. நிரப்புத் துண்டு ஒன்று வரும். ஸ்ட்ரீம்லைனின் இயல்பான இடைவெளி 50.8 மி.மீ. அதில் மையத்தூரம் 125 மி.மீ., ஆகவே கிராஸிங்குகளை முதுகோடு முதுகாக ஒட்டியே வைத்துவிடலாம், ஒன்றிரண்டு மி.மீ. அரம் போட்டால் போதும். உங்கள் 67-ல் அந்த வசதி கிடையாது. 38 மி.மீ. துண்டை ஃப்ளெக்ஸ் (வளைக்கக்கூடிய) தடத்திலிருந்து வெட்டும்போது ஸ்லீப்பரோடு வெட்டுங்கள். வெறும் தண்டவாளத்தை இரண்டு ஜாயினரில் (தண்டவாளங்களைச் சேர்க்கும் தகடு) தொங்கவிட்டால் அகலம் பிசகும்.

இப்போது மொத்த இடம். கிராஸிங்குக்கு முன்னும் பின்னும் குறைந்தது 100 மி.மீ. நேர்த்தடம், அதற்கப்பால் 610 மி.மீ. ஆர வளைவில் திரும்பி மெயினுக்கு இணையாக வருவது என்று வைத்துக்கொண்டால்:

24 டிகிரி: நீளவாக்கில் சுமார் 945 மி.மீ. வெளித்தட மையத்திலிருந்து கிளைத்தடம் 119 மி.மீ. தள்ளிப் போய் நிற்கும். பலகையை 12 செ.மீ. நீட்ட வேண்டும்.

12 டிகிரி: நீளவாக்கில் சுமார் 1010 மி.மீ. கிளைத்தடம் 60 மி.மீ. தள்ளி நிற்கும். 6 செ.மீ. நீட்டினால் போதும்.

பார்த்தீர்களா, 12 டிகிரி இடத்தை விழுங்கும் என்று எல்லோரும் சொல்வது பாதிதான் உண்மை. கிராஸிங் நீளும், ஆனால் அணுகு வளைவு சுருங்கிவிடும். உங்கள் நேர்ப்பகுதி 1.8 மீட்டருக்கு மேல் இருப்பதால் இரண்டுமே அடங்கும். ஸ்டேஷன் என்றால் பிளாட்ஃபாரத்துக்கும் சுவருக்கும் எப்படியும் 20 செ.மீ. அகலம் தேவை, அந்தப் பக்கம் 1 அடி பலகை சேர்க்கப்போகிறீர்கள் என்றால் இடத்தை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஓட்டத்தை வைத்து முடிவெடுங்கள். என் ஓட்டு 24-க்கு.

காரணம், ஃபிராக்கில் தண்டவாளம் விட்டுப்போகும் இடைவெளி. எதிர்த்தடத்தின் ஃபிளேஞ்ச் (சக்கரத்தின் உள்பக்க விளிம்பு) போக வழிவிடும் பள்ளம்தான் ஃபிளேஞ்ச்வே; இடைவெளியின் நீளம் = ஃபிளேஞ்ச்வே அகலம் ÷ சைன் கோணம். அகலம் 1.25 மி.மீ. என்றால் 24 டிகிரியில் 3 மி.மீ., 12 டிகிரியில் 6 மி.மீ. மூக்கு (ஃபிராக்கின் கூர்முனை) நுனியைக் கொஞ்சம் மழுக்கியிருப்பார்கள், அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அகலமான சக்கரம், ஆர்பி25 கோட் 110 எனப்படும் 2.79 மி.மீ. வகை, மூக்கின் பக்கத்தில் வரும் விங் ரெயிலில் சாய்ந்து தப்பிவிடும். அழகுக்காகப் போடும் 2.24 மி.மீ. மெல்லிய சக்கரம் ‘டொக்’ என்று விழும்.

அதைவிட முக்கியம் நடுவில் இருக்கும் விரிகோண மூலைகள். கே-கிராஸிங் என்போமே, அதுதான். அங்கே இரண்டு பக்க மூலைகளும் ஏறக்குறைய நேரெதிரே வருகின்றன. ஒரு சக்கரம் மூக்கைத் தாண்டும் கணத்தில் மறுசக்கரத்தைப் பிடித்து வழிநடத்த வேண்டிய செக் ரெயிலும் அதே இடத்தில் முறிந்திருக்கும். கோணம் தட்டையாக ஆக, இந்தக் காவலற்ற தூரம் நீளும். நிஜ ரயில்வேயிலும் இதே பிரச்சினைதான். கோணம் மிகவும் தட்டையானால் அசையும் முனை வைத்த டைமண்டுக்குப் போய்விடுவார்கள். 12 டிகிரி மாடலில் ஓடாது என்று சொல்லவில்லை, உலகம் முழுக்க ஓடுகிறது. ஆனால் இலேசான நான்கு சக்கர வேகனைப் பின்னோக்கித் தள்ளும்போது தடம் மாறி இறங்குகிறதென்றால், முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

பீகோவின் ஆயத்தத் தட வகையான செட்டிராக்கின் பாயிண்டுகளை (தடம் இரண்டாகப் பிரியும் துண்டு) யார்டில் போட்டிருந்தால் கவனம். அவற்றின் கோணம் 22.5 டிகிரி. ஸ்ட்ரீம்லைன் 24-ஓடு நேராகக் கோத்தால் ஒன்றரை டிகிரி முறிவு விழும். நடுவில் 15 செ.மீ. ஃப்ளெக்ஸ் தடம் கொடுத்து அதைக் கரைத்துவிடுங்கள்.

ரிச்சி_ரிலே

மின்சாரப் பக்கம் நான் சொல்றேன் சார்.

டிசி, மூணு கன்ட்ரோலர், கடையில் வாங்கின கிராஸிங் என்றால் பிளாஸ்டிக் ஃபிராக் எடுங்க. ஏன்னு புரிய ஒரு தாளில் டைமண்டை வரையுங்க. மேற்கிலிருந்து கிழக்கே போகும் இரண்டு தடம், ஒன்று ஏறுமுகம், ஒன்று இறங்குமுகம். ரெண்டிலும் வடக்குத் தண்டவாளம் ப்ளஸ், தெற்கு மைனஸ்னு வச்சுக்கோங்க. வடக்குக் கே-மூலையில் சந்திக்கிறது ரெண்டு ப்ளஸ். தெற்குக் கே-மூலையில் ரெண்டு மைனஸ். சண்டை இல்ல. மேற்கு, கிழக்குக் கூர்மூலை ரெண்டிலும்தான் ப்ளஸ்ஸும் மைனஸும் மோதும்.

இப்போ ஒரு தடத்தின் கன்ட்ரோலரை ரிவர்ஸில் போடுங்க. எல்லாம் தலைகீழ்: கூர்மூலைகள் சமாதானம், கே-மூலைகள் ரெண்டும் சண்டை. உங்க அப் வண்டி கிழக்கே, டவுன் வண்டி மேற்கே. டிசியில் ஓடும் திசைக்கு வலப்பக்கத் தண்டவாளம்தான் ப்ளஸ். அதனால் அப் தடத்துக்கும் டவுன் தடத்துக்கும் துருவம் எப்பவுமே எதிரெதிர். கிளைவண்டி எந்தத் திசையில் போனாலும், ஒரு டைமண்டில் கூர்மூலை மோதும், அடுத்த டைமண்டில் கே-மூலை மோதும். உலோக ஃபிராக் போட்டால் ஒவ்வொரு டைமண்டிலும் நாலு மூலையையும் ஸ்விட்ச் பண்ணணும். பிளாஸ்டிக் ஃபிராக் கிராஸிங்கில் ரெண்டு பாதைக்கும் அடியில் தனித்தனி ஒயர் இருக்கு. ஒன்றை ஒன்று தொடாது. எந்தத் திசையும் எந்தக் கன்ட்ரோலரும் கவலையில்ல.

பிளாஸ்டிக்கில் ரெண்டு தலைவலி உண்டு. முதலாவது, மூக்கு நுனியில் ரெண்டு எதிர்த்துருவத் தண்டவாளமும் மிக நெருங்கி நிற்கும். அகலச் சக்கரம் ரெண்டையும் ஒரே நேரத்தில் தொட்டால் பொறி பறக்கும், கன்ட்ரோலர் ட்ரிப் ஆகும். நுனியில் ஒரு 5 மி.மீ. நீளத்துக்குத் தண்டவாளத் தலையில் நிறமில்லா நெயில் பாலிஷ் ரெண்டு கோட் பூசினால் நின்றுபோகும். தேய்ந்ததும் மறுபடி பூசணும், அவ்வளவுதான்.

ரெண்டாவது உங்க ஷண்டர். இதைக் கவனமாப் படிங்க. கே-மூலைகள் நேரெதிரே இருப்பதால், ஓர் அச்சு நடுமையத்தில் நிற்கும்போது அதன் ரெண்டு சக்கரமும் பிளாஸ்டிக்கில். மற்ற அச்சு மட்டும்தான் மின்சாரம் எடுக்கணும். கூர்மூலைக்கும் கே-மூலைக்கும் தண்டவாளம் வழியே உள்ள தூரம் தட அகலம் ÷ சைன் கோணம்: 24 டிகிரியில் 40.6 மி.மீ., 12 டிகிரியில் 79.4 மி.மீ. ஷண்டரின் அச்சு இடைவெளி 40 மி.மீ. பக்கம் இருந்தால், ஓர் அச்சு கே-மூலையில் நிற்கும் அதே கணம் மற்ற அச்சின் ஒரு சக்கரம் கூர்மூலைப் பிளாஸ்டிக்கில் நிற்கும். ஒரு தண்டவாளத்திலிருந்து மட்டும்தான் மின்சாரம் வரும். வண்டி அங்கேயே செத்துடும், விரலால் தள்ளணும். அச்சு இடைவெளி 30 என்றாலோ 50 என்றாலோ அந்தச் சிக்கல் வராது, செத்த இடத்தின் நீளத்தைவிட அச்சு இடைவெளி அதிகமாக இருந்தால் போதும். அதனால் கோணத்தை முடிவு பண்ணும் முன் ஸ்கேலை எடுத்து ஷண்டரை அளந்துடுங்க. 40 வந்தால், மின்சாரம் எடுக்கும் சக்கரம் வச்ச ஒரு வேகனை நிரந்தரமா அதோட கோத்து ரெண்டு மெல்லிய ஒயர் இழுத்துடுங்க. டிசியில் இதுதான் எளிய மருந்து.

பறக்கும்_ரயில்

இடையில் ஒரு சின்ன சந்தேகம். 8 வடிவத்தில் ஒரே தடம் தன்னையே கடக்கும் லேஅவுட்டில், ஒரே கன்ட்ரோலர்தானே, அங்கேயும் இந்தக் கே-மூலைச் சண்டை வருமா? நாக்பூரில் நிஜத் தடங்கள் வெட்டிக்கொள்ளும் டைமண்ட் மாதிரி 90 டிகிரியில் கடந்தால் மாறுமா?

ரிச்சி_ரிலே

வரும். 8-ல் வண்டி முதல் தடவை கிழக்கே போகும், வளையத்தைச் சுற்றி வந்து ரெண்டாம் தடவை மேற்கே போகும். அதனால் ரெண்டாம் பாதையில் துருவம் திரும்பியிருக்கும். வளையங்களைப் பார்த்திருக்கும் ரெண்டு மூலையும் சமாதானம், பக்கவாட்டு மூலை ரெண்டும் சண்டை. 90 டிகிரியில் கூர் எது விரி எது என்ற பேச்சே இல்ல, ஆனால் நாலில் ரெண்டு மோதும் என்பது மாறாது. டிசிசியில் (டிஜிட்டல் கட்டளையில் வண்டி ஓட்டும் முறை) கூர்மூலை மோதும் அமைப்பென்றால், தானாகத் துருவம் மாற்றும் ஃபிராக் ஜூஸர் போர்டு ரெண்டு மூலைக்கு ரெண்டு சேனல் கொடுத்தால் வேலை முடிந்தது. டிசியில் அது வேலை செய்யாது, அங்கே ரிலேதான்.

கைத்தடம்

பிளாஸ்டிக் கிராஸிங் வாங்குவதில் தவறில்லை. ஆனால் 67 மி.மீ. இடைவெளிக்கு இரண்டு டைமண்டையும் நடுத்துண்டையும் ஒரே அமைப்பாகக் கையால் கட்டினால் ஜாயினரே இல்லாத ஒரு முழுத்துண்டு கிடைக்கும். பாயிண்ட் கட்டுவதைவிட டைமண்ட் கட்டுவதுதான் எளிது, அசையும் பாகம் கிடையாது. முயல விரும்புவோருக்காக எழுதுகிறேன்.

முதலில் டெம்ப்ளேட். டெம்ப்ளாட் மென்பொருளில் வரைந்து 100 சதவீத அளவில் அச்செடுங்கள். அச்செடுத்த தாளில் 200 மி.மீ. கோட்டை ஸ்கேலால் சரிபாருங்கள். பிரின்டரில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பது தேர்வாகியிருந்தால் 3, 4 சதவீதம் சுருங்கிப் போகும், பிறகு எதுவும் பொருந்தாது. மென்பொருள் வேண்டாமென்றால் கையாலும் வரையலாம். 24 டிகிரிக்கு, இயங்கு விளிம்புகள் (தண்டவாளத்தில் ஃபிளேஞ்ச் உரசும் உள்விளிம்பு) அமைக்கும் சாய்சதுரத்தின் நீள மூலைவிட்டம் 79.4 மி.மீ., குறுக்கு மூலைவிட்டம் 16.9 மி.மீ. இந்த இரண்டையும் சிலுவையாக வரைந்து நான்கு முனைகளையும் சேர்த்து நீட்டினால் போதும். கோணமானியே தேவையில்லை.

ஸ்லீப்பருக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் 1.6 மி.மீ. தாமிரம் பூசிய பிசிபி (சர்க்யூட்) பலகை. ஒருபக்கத் தாமிரம் போதும். 3.5 மி.மீ. அகலப் பட்டைகளாக அறுத்து, 7 மி.மீ. இடைவெளியில் டெம்ப்ளேட் மீது இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டுங்கள். நிஜ அகலப்பாதையில் ஸ்லீப்பர்கள் 60 செ.மீ.க்கு ஒன்று வருவது எச்ஓ-வில் இதே 7 மி.மீ.தான். தண்டவாளம் கோட் 75 நிக்கல் சில்வர், உயரம் 1.9 மி.மீ. உங்கள் மெயின் கோட் 100 என்றால் (2.54 மி.மீ.) சேரும் இடத்தில் தலை மட்டம் ஒன்றாக வர, கோட் 75 பக்கம் 0.6 மி.மீ. அட்டை கொடுத்து உயர்த்த வேண்டும். மட்டம் தலையில் ஒன்றாக வேண்டும், அடியில் அல்ல.

வரிசை இது. கூர்மூலை மூக்குகள் இரண்டையும் தனியே செய்யுங்கள்: இரண்டு தண்டவாளங்களை 24 டிகிரியில் அரம் போட்டு, வெளியே வைத்தே பற்றவைத்து, பிறகு டெம்ப்ளேட்டில் இறக்கவும். அடுத்தது கே-மூலைகளின் வளைந்த வெளித்தண்டவாளம். இதை ஒரே துண்டாக, அடிவிளிம்பில் முக்கோண அரத்தால் கீறல் போட்டு, 24 டிகிரி மடக்கி, மடக்கிய இடத்தில் ஈயம் நிரப்புங்கள். வளைவு உருண்டையாக வந்தால் சக்கரம் அங்கே அலையும். முறிவு கூர்மையாக இருக்க வேண்டும். பிறகு அதற்கெதிரே வரும் முனைத் துண்டுகள், கடைசியாகச் செக் ரெயில்கள். 40 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 ஈயம், கொஞ்சம் ஃப்ளக்ஸ். ஒரே மூலையில் தொடர்ந்து சூடு வைக்காதீர்கள், முன்பு வைத்தது கழன்றுவரும். மூலைக்கு மூலை மாற்றி மாற்றி வையுங்கள்.

இனி எல்லாக் குழப்பத்துக்கும் மூலகாரணமான அளவு. தட அகலம் 16.5, ஃபிளேஞ்ச்வே 1.25 என்றால், மூக்கின் விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கச் செக் ரெயில் வரை 15.25 மி.மீ. இதைச் செக் கேஜ் என்பார்கள். சக்கரத்தின் பின்முகத்திலிருந்து பின்முகம் வரை 14.4, ஒரு ஃபிளேஞ்சின் தடிமன் 0.76, கூட்டினால் 15.16. இது 15.25-க்குள் அடங்குவதால் செக் ரெயில் சக்கரத்தைப் பின்னிருந்து இழுத்துப் பிடிக்கிறது, ஃபிளேஞ்ச் மூக்கில் இடிக்காது. ‘வண்டி இறுகுகிறது, பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்குவோம்’ என்று 1.5 மி.மீ. ஆக்கினால் செக் கேஜ் 15.0 ஆகிவிடும். அதன்பின் ஃபிளேஞ்ச் நேராக மூக்கில் ஏறும். பள்ளத்தை அகலமாக்குவது மருந்தல்ல, அதுதான் நோய். வண்டி இறுகினால் முதலில் சக்கரத்தின் பின்முக அளவைப் பாருங்கள். பெட்டிப் பெட்டியாக 14.1, 14.2 என்று குறுகலாக வருவது உண்டு. 14.4-க்குத் திருகி நகர்த்தினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பள்ளத்தின் ஆழம் 1 மி.மீ. போதும், ஆர்பி25 ஃபிளேஞ்ச் 0.64 மி.மீ.தான். பழைய மாடல்களின் ஆழமான ஃபிளேஞ்ச் கோட் 75-ல் பற்றவைத்த ஈயத்தின் மீது ஏறி உருளும். அப்படிப்பட்ட வண்டி இருந்தால் ஈயத்தை உள்பக்கம் வைக்கவே கூடாது.

கடைசியில் தாமிரத்தில் வெட்டு. ஒவ்வொரு ஸ்லீப்பரிலும் எந்தெந்தத் தண்டவாளம் பிரிய வேண்டுமோ அங்கே கோடு கீறி, மல்டிமீட்டரின் பீப் ஒலியில் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு நூலிழைத் தாமிரம் மிச்சமிருந்தாலும் முழு லேஅவுட்டும் ஷார்ட். தண்டவாளத்தில் போடும் வெட்டுகளில் அரை மி.மீ. பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் சூப்பர் குளூவில் ஒட்டி, தலை வடிவத்துக்கு அரம் போடுங்கள். வெறுமனே காற்றிடைவெளியாக விட்டால் மே மாதம் மூடிக்கொள்ளும்.

வில்லிவாக்கம்_ஷண்டர்

மே மாதம் என்றதும் பலகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொட்டைமாடி அறை, ஏசி இல்லை, மழைக்காலத்தில் ஈரம், கோடையில் தகரம்போல் காய்ச்சல். 1.8 மீட்டர் நேர்த்தடம் 15 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய அரை மி.மீ. நீளும். நீள வழியில்லாமல் ஆணியடித்திருந்தால் அந்த விசை கிராஸிங்கில் போய் முட்டும், அகலம் குறுகும். ஆகவே கிராஸிங்கை அசையாமல் ஒட்டிவிட்டு, அதிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருபுறமும் ஜாயினரில் அரை மி.மீ. விடுங்கள். அந்த ஜாயினரை நம்பாமல் இரண்டு பக்கமும் தனித்தனி ஃபீடர் ஒயர்.

மரம் ஈரத்துக்கு நெளிவதுதான் அதைவிடப் பெரிது. பெரியமேடு பக்கம் பிளைவுட் கடையில் கேட்டால் முதலில் ஈரத்தை ஓரளவே தாங்கும் எம்ஆர் கிரேடைத்தான் காட்டுவார்கள். ஐஎஸ் 710 முத்திரையுள்ள பிடபிள்யூபி (கொதிநீரையும் தாங்கும்) 12 மி.மீ. கேளுங்கள். அடிப்பக்கமும் விளிம்பும் சேர்த்து இரண்டு கோட் பிரைமர் அடியுங்கள். மேற்பக்கம் மட்டும் அடித்தால் ஒருபக்கம் ஈரம் குடித்துக் கிண்ணமாக வளையும். நீட்டிக்கப்போகும் 1 அடிப் பலகையின் இணைப்பு, கிராஸிங்குக்குக் கீழே வரவே கூடாது. உங்கள் கணக்கில் வெளி டைமண்டின் நுனி பழைய பலகை விளிம்புக்கு மிக அருகில் வருகிறது. 24 டிகிரியில் மையத்திலிருந்து துண்டின் நுனி 63 மி.மீ., அதன் பக்கவாட்டு விலகல் 26 மி.மீ.; விளிம்போ 38-ல். 12 மி.மீ. இடைவெளிதான் இருக்கிறது. எனவே இரண்டு பலகைகளையும் சேர்த்து அடியில் 60 செ.மீ. நீளத்துக்கு ஒரே பிளைவுட் துண்டை ஒட்டி ஸ்க்ரூ அடித்துவிடுங்கள். தடம் போடும் முன்பே.

தட்டையா என்று பார்க்க இரும்பு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, அடியில் டார்ச் அடியுங்கள். வெளிச்சம் தெரிந்தால் தடத்துக்கு அடியில் போடும் கார்க்கைத் தேய்க்க வேண்டும். மூன்று புள்ளிகளில் நிற்கும் நாற்காலிபோல் பெரிய பெட்டி ஆடியபடியே கடந்துவிடும். நான்கு சக்கர வேகன் ஆடாது, நேராகத் தடத்தைவிட்டு இறங்கும்.

பேலஸ்ட் (தடத்தில் போடும் ஜல்லி) கொட்டியபின் ஃபெவிகால் கரைசலைக் கிராஸிங் மேல் ஊற்றாதீர்கள். பள்ளத்தில் வடிந்து கெட்டியாகும், பிறகு ஒவ்வொரு ஃபிளேஞ்சும் அதில் ஏறும். அந்த 15 செ.மீ.க்குப் பெயின்ட் பூசி, தூள் தூவி விட்டால் போதும்.

முகப்பேர்_மெயில்

ஷண்டரை அளந்தேன், அச்சு இடைவெளி 34 மி.மீ. 24 டிகிரி பிளாஸ்டிக் ஃபிராக் இரண்டு, நடுவில் 38 மி.மீ. துண்டு என்று முடிவு செய்கிறேன். பலகை இணைப்பு விஷயம் வரைபடத்தில் தெரியவே இல்லை, நன்றி சார். இடிக்காமல் தடுக்கும் வழி மட்டும் பாக்கி. மெயினிலேயே வேறோர் இடத்தில் இரண்டு தடங்களுக்கும் சிஸர்ஸ் (ஒரு தடத்திலிருந்து மற்றதற்கு மாற X வடிவ இணைப்பு) வைத்தால் இதே 24 டிகிரி கிராஸிங்கைப் பயன்படுத்தலாமா?

வில்லிவாக்கம்_ஷண்டர்

அதே துண்டுதான். 12 டிகிரி பாயிண்ட் நான்கு, நடுவில் எதிரெதிராக வரும் இரண்டு சாய்வும் சேர்ந்து 24. ஆனால் ஒன்றையும் வெட்டாமல் கோத்தால் தட இடைவெளி 77 மி.மீ. ஆகும். உங்கள் 67-க்குக் கொண்டுவர ஒவ்வொரு சாய்விலும் மொத்தம் 49 மி.மீ. குறைக்க வேண்டும், அதாவது பாயிண்டுக்கு ஏறக்குறைய 25. ஃபிராக்கைத் தாண்டித்தான் வெட்ட முடியும். பீகோ தளத்தில் கிடைக்கும் பாயிண்ட் வரைபடங்களை முழு அளவில் அச்செடுத்து மேசையில் ஒட்டிப் பார்த்துவிட்டுக் கத்தி வையுங்கள்.

ரிச்சி_ரிலே

34 என்றால் 24-ல் தப்பிச்சீங்க. ஆனாலும் வாங்கின கிராஸிங்கில் பிளாஸ்டிக் எங்கே தொடங்கி எங்கே முடியுதுன்னு காலிப்பர்ஸில் ஒரு தடவை பாருங்க. கூர்மூலைப் பிளாஸ்டிக் கே-மூலைப் பக்கமா நீண்டு வந்தால் 34-ம் மாட்டும்.

இடி தடுக்க: 12 வோல்ட், 4 சேஞ்ச்ஓவர் ரிலே ஒண்ணு, 14 பின் சாக்கெட்டோட. ரெண்டு டைமண்டையும் ஒண்ணா நடத்தினால் ஒரே ரிலே போதும். அப் தடத்தில் கிராஸிங்குக்கு முன் 40 செ.மீ., டவுன் தடத்தில் அதன் திசைக்கு முன் 40 செ.மீ., கிளைத்தடத்தில் ரெண்டு பக்கமும் 40 செ.மீ., இவை தனித்தனிப் பிரிவு. ஒரு தண்டவாளத்தில் மட்டும் வெட்டு போதும். ரிலே ஓய்வில் இருக்கும்போது அப், டவுன் பிரிவுகளுக்கு மின்சாரம், கிளைக்கு இல்ல. ஸ்விட்ச் போட்டு ரிலே இழுத்ததும் மாறும். ரிலேயின் முதல் போல் (உள்ளே இருக்கும் தனி ஸ்விட்ச்) அப், ரெண்டாவது டவுன், மூணாவது கிளையின் ரெண்டு பிரிவும் சேர்த்து, நாலாவது சிக்னல். ஒரு பக்கம் மெயின் பச்சையும் கிளைச் சிவப்பும், மறுபக்கம் மெயின் சிவப்பும் கிளைப் பச்சையும். எல்இடி ஒவ்வொண்ணுக்கும் 1 கிலோ ஓம்.

செத்த பிரிவு கிராஸிங் வாசல் வரை போகக் கூடாது. வண்டி நிற்கும்போது மூக்கு எதிர்த்தடத்தை உரசாத இடத்தில் நிற்கணும். தட மையங்கள் 50 மி.மீ. பிரியும் இடம் 24 டிகிரியில் டைமண்ட் மையத்திலிருந்து 12 செ.மீ. சறுக்கலுக்கு 10 செ.மீ. சேர்த்து, பிரிவின் கிராஸிங் பக்க வெட்டை மையத்திலிருந்து 22 செ.மீ.யில் போடுங்க. அதிலிருந்து பின்னோக்கி 40. ஃப்ளைவீல் உள்ள டீசல் வேகத்தில் வந்தால் 10 செ.மீ. போதாமல் போகலாம், முழு வேகத்தில் ஓட்டி எங்கே நிற்குதுன்னு பார்த்துட்டு வெட்டை இன்னும் பின்னுக்குத் தள்ளுங்க. அதுக்காகவே வெட்டு போடும் முன் அந்த இடத்தில் தற்காலிகமா இன்சுலேட்டட் ஜாயினர் மட்டும் போட்டுப் பாருங்க.

ரிலே காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒண்ணு, வெள்ளைக் கோடு ப்ளஸ் பக்கம். அது இல்லேன்னா காயில் விடும்போது வரும் உதை ஸ்விட்ச் முனையைப் பொசுக்கும். ரிலேக்கு மின்சாரம் தனி அடாப்டரிலிருந்து எடுங்க, கன்ட்ரோலரிலிருந்து வேண்டாம்.

கைத்தடம்

பேலஸ்டுக்கு முன் சோதனை இந்த வரிசையில்: ஒரு தனி போகியை (பெட்டிக்கு அடியில் வரும் சக்கரச் சட்டம்) விரலால் நான்கு திசையிலும் தள்ளுங்கள், அழுத்தாமல். பிறகு இருப்பதிலேயே இலேசான நான்கு சக்கர வேகன், இன்ஜின் பின்னாலிருந்து தள்ள. அதன் பிறகு ஐசிஎஃப் பெட்டி. என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) பரிந்துரைப்படி 245 மி.மீ. நீளப் பெட்டி ஏறக்குறைய 165 கிராம் இருக்க வேண்டும்; குறைவாக இருந்தால் தடத்தைக் குறை சொல்லும் முன் எடையைச் சேருங்கள். ஷண்டரைக் கடைசியாக, இருப்பதிலேயே குறைந்த வேகத்தில்.